கருப்புச் சுவரும் சோலாப்பூர் போர்வையும்

எங்கள் குடும்பத்தில் ஒரு சுவருக்கு இன்ன நிறம்தான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட முதல் ஆள் நான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது புனேவில், கட்கியில், ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அங்கே சுவர் என்றால் வெளிர் மஞ்சள், கதவு என்றால் சாம்பல். சில வருஷத்துக்கு ஒருமுறை ஆட்கள் ஏணியோடு வந்து அதே மஞ்சளை அடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டையும் அடுத்த வீட்டையும் பிரித்துக் காட்டியது அம்மா வாசலில் போடும் கோலம் மட்டும்தான். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பெயிண்ட் வேலை. மரப்பெட்டிகளுக்குப் பச்சை அடிப்பார். நான் பள்ளிக்கூடம் போனபோதும் பச்சை, காலேஜ் முடித்தபோதும் அதே பச்சை. அவர் நகக்கண்ணில் வேறு நிறத்தை நான் பார்த்ததே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹடப்சரில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். புது மெஷின் ஒன்றைப் பொருத்த ஜப்பானிலிருந்து இரண்டு பேர் வந்து மழைக்காலம் முழுக்கத் தங்கியிருந்தார்கள். கிளம்பும்போது ஆபீஸில் எல்லோருக்கும் ஏதாவது கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு விசிறி, பேனா, சாவிக்கொத்து. எனக்கு வந்தது ஒரு கிண்ணம். அதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

மரக்கிண்ணம்தான், ஆனால் கையில் கனமே தெரியாது. ஏதோ ஒரு மரத்தின் பாலை எடுத்துப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் பூசிப் பூசி அந்த மெருகைக் கொண்டுவருவார்களாம். வெளியே கருப்பு, உள்ளே சிவப்பு. விளிம்பில் சிவப்பு மெலிந்து ஆரஞ்சாக ஒரு கோடு. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே இருக்கும் சிவப்பு மொத்தமும் ஆரஞ்சுக்குப் போய்த் திரும்பி வரும். சிவப்பையும் ஆரஞ்சையும் நான் பார்க்காதவள் இல்லை. கருப்புதான் என்னை அசத்தியது. எங்கள் வீட்டில் கருப்பு என்றால் குடை, திருஷ்டிப் பொட்டு, அடிப்பிடித்த வாணலி. அதே கருப்பு இவ்வளவு மிடுக்காக உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டது?

அம்மா கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"உள்ள நல்லாத்தான் இருக்குது. வெளிய இன்னாடி இப்படிக் கருப்பா? இதுல ஊத்தி யாரு குடிப்பாங்க?"

கிண்ணம் ஃப்ரிட்ஜின் மேலே ஏறியது. அதில் பித்தான், ஊக்கு, தீர்ந்துபோன பேட்டரி எல்லாம் குடியேறின. போகும்போதும் வரும்போதும் நான் மட்டும் அதைத் தொட்டுவிட்டுப் போவேன்.

சில வருஷம் கழித்து அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் பேங்க்கில் லோன் போட்டு ஹடப்சரில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். வேலூரிலிருந்து போன் செய்த சொந்தக்காரர்கள் எல்லோரும் "கல்யாணத்துக்கு முந்தி வூடா?" என்று கேட்டார்கள். அம்மா ஒருவரையும் விடவில்லை. "ஆமா, எம் பொண்ணு வாங்கியிருக்கா. உம் பையன் இன்னா வாங்கினான்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு போனை வைத்தாள். கட்கி காய்கறி மார்க்கெட்டில் வெங்காயம் நிறுக்கிற ஆள் வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

பில்டரின் ஆள், சுவருக்கு ஆஃப் ஒயிட்டா க்ரீமா என்று கேட்டான். அவ்வளவுதான் நம்முடைய உரிமை. மற்ற அறைகளுக்கு எதையாவது அடித்துக்கொள், ஹாலை மட்டும் அப்படியே விட்டுவிடு என்று சொல்லிவிட்டேன். ஊக்கு, பித்தானை எல்லாம் ஒரு டப்பாவில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு அப்பாவோடு பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிவப்பை எடுத்தார், ஆரஞ்சை எடுத்தார். கருப்பு என்றதும் நிறுத்திவிட்டார்.

"காலா? கேட் கே லியே?" என்றார். இரும்பு கேட்டுக்குத்தானே என்று கேட்கிறார்.

"தீவார் கே லியே," என்றேன். சுவருக்கு.

பெண் ஏதோ உளறுகிறாள், நீங்களாவது சொல்லுங்கள் என்கிற மாதிரி அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அவரைக் கண்டுகொள்ளவில்லை. கிண்ணத்தைக் கையில் எடுத்து உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எங்கயுமே பச்சை இல்ல," என்றார் கடைசியில். அவ்வளவு மனநிறைவோடு அவர் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும்தான் ஹாலை முடித்தோம். வாசலுக்கு எதிரே இருக்கும் நீளச் சுவர் முழுக்கக் கருப்பு. பூசுவது, உப்புத்தாளால் தேய்ப்பது, மறுபடியும் பூசுவது. அந்தச் சுவரின் நடுவே ஒரு மாடம் இருந்தது. அதன் உட்புறம் சிவப்பு, அதன் விளிம்பில் விரல் அகலத்துக்கு ஆரஞ்சு. காய்ந்ததும் கிண்ணத்தை அதில் வைத்தேன். வேலை முடிந்த மாலை வெயில் மாடத்துக்குள் விழுந்தபோது, கிண்ணத்தில் பார்த்த அதே ஆரஞ்சு உள்ளே வந்து போனது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீடு, என் நிறம். அப்பாவின் நகக்கண்ணில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதைக் கழுவ அவர் அவசரப்படவில்லை.

அம்மா அதுவரை அந்தப் பக்கமே வரவில்லை. முதல் நடை பாத்திரங்களோடு ரிக்ஷாவில் வந்து இறங்கி, வாசல்படியில் நின்றாள்.

"இன்னாடி இது?"

"அந்தக் கிண்ணம்தாம்மா."

"கிண்ணத்துல இருந்தா கிண்ணம். சொவுத்துல இருந்தா? மொதமொதல்ல சொந்தமா ஒரு வூடு, அதுல கருப்பா? இதுக்கு எதிர்ல நான் பால் காச்ச மாட்டேன். சொல்லிட்டேன்."

இது சும்மா மிரட்டல் இல்லை. அம்மா சொன்னால் சொன்னதுதான். எனக்கோ கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் ஜோடியாக நின்று பால் காய்ச்சினால்தான் கிருகப்பிரவேசம். அம்மா பால் காய்ச்சாத வீட்டில் எனக்கு எதற்குக் குடித்தனம்? ஆனால் அந்தச் சுவர் மேல் க்ரீம் அடிக்க என் கை எழாது. எனக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கடைசியில் அப்பாதான் பெட்டிக்குள்ளிருந்து பெரிய சோலாப்பூர் போர்வையை எடுத்துவந்து, அன்றைக்கு மட்டும் சுவர் மேல் இதைத் தொங்கவிடலாம் என்றார். பால் காய்ந்த பிறகு என்ன நிறம் அடிப்பது என்று பேசிக்கொள்ளலாம் என்று அம்மா இறங்கிவந்தாள். பேசிக்கொள்ளலாம் என்றால் க்ரீம் என்று அர்த்தம்.

தை மாதத்தில் நாள் பார்த்தாகிவிட்டது. கட்டடத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, எல்லாப் பெண்களையும் நானே அழைத்தேன். நமக்குத்தான் அது பொங்கல் கழிந்த தை. புனேக்காரர்களுக்கு அது சங்கராந்தி கழிந்த ஹல்தி குங்கு காலம். சுமங்கலிகள் வீடு வீடாகப் போய் மஞ்சள் குங்குமமும் எள்ளுருண்டையும் மாற்றிக்கொள்வார்கள். அந்த நாட்களில் கருப்புப் புடவை கட்டுவதுதான் அவர்களுக்கு விசேஷம். அம்மா குவார்ட்டர்ஸில் இருந்தவரை வருஷம் தவறாமல் போவாள், ஆனால் அரக்குப் புடவையில். "அது அவங்க பழக்கம், நமக்கு ஆவாது," என்பாள். வீடு மாற்றுகிற பரபரப்பில் இது எனக்கும் நினைவில்லை, அவளுக்கும் நினைவில்லை.

காலையில் சமையலறையில் பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. அம்மா முகத்தில் நிம்மதி. ஹாலில் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமலே நடமாடினேன்.

கொஞ்ச நேரத்தில் எதிர் ஃப்ளாட் காக்கு வந்தாள். கட்டடத்துக்கே அத்தை மாதிரி, எல்லோரும் அவளைக் காக்கு என்றுதான் கூப்பிடுவோம். சிவப்புக் கரை போட்ட கருப்புப் புடவை. அவளுக்குப் பின்னால் படியேறி வந்தவர்கள் எல்லோரும் கருப்பு. அம்மா ஒரு நொடி திகைத்துத்தான் போனாள். ஆனால் வீடு தேடி வந்த சுமங்கலிகளை என்ன சொல்ல முடியும்? தட்டில் குங்குமம் எடுத்து ஒவ்வொரு நெற்றியிலும் வைத்தாள். தான் வாங்கி வைத்திருந்த கனகாம்பரத்தைக் கிள்ளி ஒவ்வொரு தலையிலும் செருகினாள். சிவப்பு, ஆரஞ்சு, கருப்பு. நான் லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

காக்குவின் கண் போர்வை மேலேயே இருந்தது. பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு அம்மாவிடம் தலையைச் சாய்த்து, மிகுந்த அனுதாபத்தோடு கேட்டாள்.

"லீக்கேஜ் ஆஹே கா?"

ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கு இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, பாவம், போர்வையால் மறைத்திருக்கிறார்கள் என்று மொத்தக் கூட்டமும் முடிவு கட்டிவிட்டது. இன்னொருத்தி, பில்டரைச் சும்மா விடக் கூடாது என்று ஆரம்பித்தாள். பெண்பிள்ளை தனியாக வாங்கினால் இப்படித்தான் ஏமாற்றுவார்கள் என்றாள் மூன்றாவது ஒருத்தி.

அந்தக் கடைசி வாக்கியம் அம்மாவுக்கு எங்கே போய்த் தைத்ததோ. குங்குமத் தட்டை என் கையில் திணித்தாள். நேராகப் போய்ப் போர்வையின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. ஒரு பக்கம் ஆணி மாட்டிக்கொண்டது. அதையும் சேர்த்துப் பிடுங்கினாள்.

"லீக்கேஜ் நாஹி. ரங் ஆஹே. ஜப்பானி ரங்," என்றாள். ஒழுகல் இல்லை, நிறம், ஜப்பான் நிறம். பிறகு நெஞ்சில் கையை வைத்து, "மாஜ்யா முலீனே கேலா."

என் மகள் செய்தது என்று அவள் மராட்டியில் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். தேய்த்துத் தேய்த்து ஏற்றிய அந்தக் கருப்பில், ஹாலில் இருந்த பெண்கள் எல்லோரும் மங்கலாகப் பிரதிபலித்தார்கள். காக்கு எழுந்துபோய்ச் சுவரை விரலால் தடவிப் பார்த்தாள். "கித்தி சுந்தர்," என்றாள். பிறகு, இத்தனை அழகை எதற்கு மூடிவைத்தீர்கள் என்று அம்மாவையே கேட்டாள். அம்மா போர்வையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அதற்குள் மற்றவர்கள் தங்கள் கருப்புப் புடவையோடு சிவப்பு மாடத்தின் முன்னால் போய் நின்று, படம் எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

அம்மா காலண்டரைப் பார்த்தாள். ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"ஏங்க, அந்த ஒத்த அடுப்ப எடுத்தாங்க," என்றாள் அப்பாவிடம்.

"எதுக்கு? பால்தான் காச்சியாச்சே."

"மூடி வெச்சிக் காச்சுனது கணக்குல வராது."

அப்பா அடுப்பைக் கொண்டுவந்து, கருப்புச் சுவருக்கு நேர் எதிரே வைத்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஜோடியாக உட்கார்ந்தார்கள். மராட்டிப் பெண்கள் சுற்றி நின்றார்கள். இரண்டாவது தடவையும் பால் நன்றாகவே பொங்கியது. அம்மா மாடத்திலிருந்த கிண்ணத்தை எடுத்து, கழுவித் துடைத்து, முதல் பாலை அதில் ஊற்றினாள். சாமிக்கு வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ குடி. உன் வூடு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மெதுவாகக் குடித்தேன். பால் குறையக் குறைய உள்ளே சிவப்பு தெரிந்தது.