புகைக்குப் புகை

ஒரு தகப்பனின் கண்ணீரைப் பொய்யாக ஒட்டவைத்தவன் நான். ஆம், நானேதான்! அதைவிடச் சுத்தமான வேலையை என் கை இன்றுவரை செய்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அஞ்சுகிராமத்தில் கல்யாண வீடியோ பிடித்து, தொகுத்துக் கொடுப்பது என் தொழில். சுசீந்திரத்துச் சுபா தன் மாப்பிள்ளையைத் தானே தேடிக்கொண்டாள். அது பிடிக்காத அவள் அப்பா ஊர் வாய்க்குப் பயந்துதான் மண்டபத்துக்கு வந்தார். தாலி கட்டும் நேரத்தில் எழுந்து சமையல் கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கே ஈர விறகின் புகையில் கண் கலங்கி, துண்டால் துடைத்துக்கொண்டார். என் கேமரா அதைப் பிடித்திருந்தது.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? தகப்பன் இல்லாத தாலிகட்டுக் காட்சியையா அந்தப் பெண்ணின் கையில் கொடுத்திருப்பீர்கள்?

மற்றவர்கள் என்றால் ஒரு காட்சியை மங்கவைத்து அடுத்ததைக் கரைத்துக்கொண்டு வருவார்கள். ரோஜாப்பூ சுழலும், இதயம் பறக்கும்... தூ! கரைத்தால் பார்ப்பவன் கண் சந்தேகப்படும். நான் நேராக வெட்டினேன். தாலி முடிச்சு, ஓமப்புகை... உடனே அடுப்புப் புகையில் அவர் முகம். புகைக்குப் புகை பொருந்தியது! பெண்களின் குரவைச் சத்தத்தை மட்டும் அறுக்காமல் அந்த முகத்தின்மேலும் ஓடவிட்டேன். தையல் தெரியவே இல்லை.

அதைப் பார்த்த சுபா அன்றே பிறந்த வீட்டுக்கு ஓடினாள். "எனக்காக அழுதியளேப்பா" என்று கட்டிக்கொண்டாளாம். அவர் மறுக்கவில்லையாம். பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து தொடங்கியது. பேரன் அவர் தோளிலேயே வளர்ந்தான். என் வெட்டு ஒட்டவைத்த குடும்பம்! மார்தட்டிக்கொண்டேன்... இப்போதும் தட்டுவேன்.

சென்ற மாதம் சுபா அவரை என் கடைக்குக் கூட்டிவந்தாள். அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருக்கிறது. எந்நேரமும் அந்த வீடியோவைத்தான் போடச் சொல்கிறாராம்; அதை எடுத்தவனைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாராம். வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"மக்கா, எனக்கு ஒண்ணும் ஓர்மை நிக்கமாட்டேங்கு. எந்திச்சு எங்கயோ போனது மாதிரியே இருக்கு. நீதான படம் பிடிச்ச... எம்பிள்ளைக்குத் தாலி கெட்டும்போ நான் அங்கன நின்னேனா?"

சுபா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னிய மாமா. பக்கத்துலதான் நின்னிய."

அவர் அழுதார். என் கடையில் புகை ஏதும் இல்லை.

அந்த வெட்டைப் பற்றி எவர் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால், எழுந்து போனதற்காக மகளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வந்திருந்தாரோ? எழுந்து போனதுதானே அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே மெய்யான நினைவு... அதையும் நான் வெட்டிவிட்டேனே!