பெண் பார்க்க வராத நாள்

அக்காவைப் பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால், அண்ணனைக் காலையிலேயே வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினாறு. ஆனாலும் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது நான்தான். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் அவனுக்குப் பேச்சு வராது. வீட்டுக்கு வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வான். அதனால்தான் ஒரு வரன் தட்டிப்போயிற்று என்று அப்பா உறுதியாக நம்பினார்.

தலத்தெருவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அவனை அழைத்துப்போய்க் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பாயம்மா வீட்டில் விடுவது என் வேலை. அவர் கணவர் துபாயில் இருந்தார். அவர்களின் ஒரே மகளும் அண்ணனைப் போலத்தான். அதனால் அங்கே யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் போனபோது விழிதியூரிலிருந்து ஓர் அம்மாள், அண்ணனைப் போன்ற ஒரு பையனோடு அங்கே உட்கார்ந்திருந்தார். பையனுக்கு அவர் அத்தை. அவன் தங்கையைப் பார்க்க அன்று மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம்.

“இன்னிக்கு ரொம்ப நல்ல நாள் போல. நம்ம வூட்டுலதான் கூட்டம்” என்றார் பாயம்மா.

அண்ணனை அங்கே விட்டுவிட்டு வீடு திரும்பினேன். மாப்பிள்ளை வீட்டாரோடு வந்த பெரியவர், பிள்ளைகள் எத்தனை என்று அப்பாவிடம் கேட்டார். “ரெண்டும் பொண்ணுங்கதாங்க” என்றார் அப்பா. அண்ணனைச் சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்து நான் வாயைத் திறக்க, அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அம்மா கேசரித் தட்டோடு உள்ளே போனவள், அவர்கள் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

சாயங்காலம் அண்ணனை அழைத்துவர, வழக்கமில்லாமல், அம்மாவும் என்னோடு வந்தாள். பாயம்மா வீட்டு முற்றத்தில் மூவரும் ஒரு முறம் வேர்க்கடலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் உரித்துப் பையன் கையில் வைத்தான். பையன் அதைப் பாயம்மா மகளிடம் கொடுத்தான். அவள் அதை அண்ணன் வாயிலேயே போட்டாள். மூவரும் சத்தம்போட்டுச் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அவன் சிரித்தால் யாராவது “மெதுவா” என்பார்கள். இங்கே யாரும் சொல்லவில்லை. அம்மா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வாங்க. மாப்பிள்ளை வூட்டுல என்ன சொன்னாங்க?” என்றார் பாயம்மா.

அம்மா, “வர்ற செவ்வாய்க்கிழமை இவன அழைச்சிட்டு வரட்டுங்களா?” என்று கேட்டாள்.

விழிதியூர் அத்தை சிரித்துவிட்டார். “செவ்வாய்க்கிழமையா? அன்னிக்குப் போயி யாருங்க பொண்ணு பார்க்க வருவா?”

“யாரும் வரலைங்க. சும்மாத்தான். நானும் கூட வந்து உட்கார்ந்துக்கிறேன்.”

பாயம்மா அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு விழிதியூர் அத்தையிடம், “நீங்களும் புள்ளய அழைச்சிட்டு வாங்க” என்றார்.

செவ்வாய்தோறும் வரும் இப்படிப்பட்ட பிள்ளைகள் பெருகி, அந்த முற்றம் போதாமல் வாடகைக்கு இடம் பிடித்ததும், சங்கமாகப் பதிவு செய்ததும், பயிற்சி கொடுக்க ஆசிரியை வந்ததும் எண்பதுகளில். ஆண்டறிக்கையில் பதிவு செய்த நாளையே தொடக்கம் என்று எழுதுகிறார்கள். என் கணக்கில் அந்த வெள்ளிக்கிழமைதான்.

அன்று எனக்குப் புரிந்தது வேறு. இனி யாரும் வராத நாளிலும் அண்ணனை வீட்டில் வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்றே நினைத்தேன். அப்படி என்ன தப்பு செய்துவிட்டான் என்று யோசித்தபடி, அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.