தங்கம்மாள் உட்கார்ந்த கட்டை

“என் கண்ணுல தண்ணி வந்தா அது விறகு பண்ற வேலை. மனுஷ ஜென்மத்துக்காக ஒரு சொட்டு வுட்டவ இல்ல இந்த ஜோதி. இனிமேலும் வுடமாட்டா.”

வட ஒத்தவாடைத் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த ஜோதியம்மாள், இந்தப் பிரகடனத்தை வாரம் தவறாமல் வெளியிட்டுவந்தாள். வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிட முடியாது, ஆதாரம் இருந்தது. கணவன் ஆதிமூலம் இறந்த அன்று, ஒப்பாரி வைக்க வந்தவர்களுக்கு அவளே காபி போட்டுக் கொடுத்து, “தொண்டை காஞ்சிடப் போவுது, குடிச்சிட்டு அழுவுங்க” என்றாள். தெரு அவளை மன்னிக்கவில்லை. காபியை மட்டும் குடித்தது.

கடையில் அவளுக்குச் சரிபாதி தங்கம்மாள். அடுப்பு ஜோதி, ஆட்டுக்கல் தங்கம் என்பது ஏற்பாடு. தங்கம்மாள் சினிமாவுக்கு அழுவாள். முன்பின் தெரியாத மணப்பெண்ணுக்கு அழுவாள். வெங்காயத்தைக் கையில் எடுத்தாலே, தோல் உரிவதற்குள் அழுதுவிடுவாள். கடையின் கண்ணீர் இலாகா முழுவதும் அவள் பொறுப்பில் இருந்ததால், மற்றவளுக்கு அந்தத் தேவையே எழவில்லை என்றும் சொல்லலாம்.

ஓர் ஐப்பசி மழையில் சாலையோரப் புளியமரம் ஒன்று சாய்ந்தது. அதன் அடிக்கட்டையை விறகுத்தொட்டியில் பேரம் பேசி வாங்கி வந்தவள் தங்கம்மாள்தான். “கம்மி விலைதான்க்கா. ரெண்டு மாசத்துக்கு அடுப்புக் கவலையே இல்ல.”

விறகு பிளக்கும் கண்ணாயிரம் வந்தான். கோடாலி கட்டையில் பட்டு, பட்ட வேகத்திலேயே திரும்பி வந்தது. கடைசியில் காம்பு முறிந்தது.

“இது கட்டை இல்லம்மா, மாமியா. உள்ள முறுக்கு வுழுந்திருக்கு. ஜாஸ்தி அடிச்சா என் தோளுதான் பொளக்கும்” என்று கோடாலியின் தலையைத் துண்டில் முடிந்துகொண்டு போய்விட்டான்.

கட்டை அடுப்போரம் ஒதுங்கியது. தங்கம்மாள் அதன்மேல் உட்கார்ந்தாள். ஐந்து வருஷம் உட்கார்ந்தாள். அதில் உட்கார்ந்தே ஊர்க்கதை பேசி, அதற்கும் அழுது, கட்டையின் தலையை வழவழவென்று ஆக்கிவிட்டாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒருநாள், “கண்ணு எரியுதுக்கா. புகையே ஆவாதுன்னுட்டாரு டாக்டரு. கொஞ்ச நாள் ஊட்டோட இருக்கேன்” என்று தேம்பினாள்.

“எரியுற கண்ணை வெச்சிக்கினு அழுவாதடி” என்று அனுப்பிவைத்த ஜோதியம்மாள், அடுத்த பௌர்ணமியன்று கடையைச் சாத்திவிட்டு, தங்கத்தின் கண்ணுக்காக வெறுங்காலோடு மலைசுற்றக் கிளம்பினாள். முழங்கால் வலிக்காரி. தனக்காக ஒருமுறைகூடச் சுற்றியவள் அல்ல.

விளக்கு வைக்கும் நேரத்தில் அடி அண்ணாமலை வந்தது. அங்கே புதிதாக ஓர் ஓலைப்பந்தல்; உள்ளே பளபளக்கும் பித்தளை பம்ப் ஸ்டவ்; அதன்மேல் இட்லிக் குண்டான். பக்கத்தில் தங்கம்மாள். மங்கிய வெளிச்சத்தில், முறத்திலிருந்த உளுந்தில் எள்ளளவு கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணாமலையார் வேண்டுதலுக்கு இத்தனை சுருக்காகச் செவிசாய்த்ததாக முன்னே கேள்விப்பட்டதில்லை.

“வாக்கா. இட்லி வெக்கட்டா?”

“கண்ணு எப்டிடி இருக்குது?”

“தேவலக்கா. இங்க புகை இல்ல பாரு.”

“சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?”

“சொன்னா நீ வுட்டிருப்பியா?” தங்கம்மாளின் கண் நிறைந்தது, வழக்கம்போல.

“அழுவாத. உளுந்துல வுழுந்து கரிக்கப் போவுது.”

பாதியில் திரும்பினாலும் வீட்டுக்கு ஏறத்தாழ அதே தூரம். ஆகவே ஜோதியம்மாள் மலையை முழுசாகவே சுற்றினாள். மீதிப் பாதையில் வேண்டுதலை மட்டும் மாற்றிக்கொண்டாள். என்ன வேண்டினாள் என்பது அச்சேறும் தரத்தில் இல்லை.

மறுநாள் மதியம் கண்ணாயிரத்திடம் இரும்பு ஆப்பும் சம்மட்டியும் இரவல் வாங்கினாள். கட்டையைத் தெருவுக்கு உருட்டினாள். “நானும் ஒரு கை புடிக்கட்டா?” என்று வந்தவனை, “உன்னைப் பாத்தாச்சு, போ” என்று விரட்டினாள்.

அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு வசவு. கட்டை வாங்கிக்கொண்டதே தவிர வாய் திறக்கவில்லை. வாடிக்கையாளரான ஜட்கா வண்டிக்காரர் சாந்த் பாஷா நின்று பார்த்தார்.

“கட்டைக்குத் தங்கம்மாள்னு பேரு வெச்சிருக்கீங்களாக்கா?”

“வண்டியப் பாத்துப் போங்க பாய். ஆப்பு இன்னொண்ணு இருக்குது.”

மதியந்தோறும் கடை சாத்தியதும் இந்த யுத்தம் நடந்தது. நடுவே அடித்துப் பயனில்லை என்று கண்டு ஓரஓரமாகச் சிராய் பெயர்த்தாள். கை கொப்பளித்தது. கடைசியில் ஒரு மதியம், கட்டை பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம்; இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே வைரம் பாய்ந்த கருஞ்சிவப்பு. தெரு கைதட்டியது. ஜோதியம்மாள் சம்மட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ராஜ்யம் பிடித்தவள்போல் நின்றாள்.

மறுநாள் காலை அடுப்பில் அதுதான் எரிந்தது. அடடா, அதல்லவா நெருப்பு! ஐந்து வருஷம் அடுப்போரச் சூட்டில் காய்ந்த புளி, பேருக்கும் புகையில்லை. தணல் மாணிக்கமாக நின்றது. இட்லி மல்லிகைப்பூவாக மலர்ந்தது. ஜோதியம்மாள் தூண்டுகோலால் தணலை ஒரு குத்து குத்தி, “எரிடி, எரி” என்று முகம் கொள்ளாமல் சிரித்தாள்.

ஒவ்வொரு துண்டாகப் போய்க் கடைசித் துண்டு கைக்கு வந்தது. அதன் ஒரு பக்கம் வழவழவென்றிருந்தது. விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதையும் வைத்தாள். பற்றிக்கொண்டது.

“என்னாக்கா, இன்னிக்குப் புகையே காணோம்!” என்று இலையைப் பார்த்தபடியே சாந்த் பாஷா பாராட்டினார்.

ஜோதியம்மாள் அவருக்கு முதுகைக் காட்டியவாறு கொல்லைப்பக்கம் போனாள். நேற்று வெட்டிப் போட்ட பச்சைத் தென்னைமட்டை ஒன்றை இழுத்து வந்து, அந்த அருமையான தணலில் செருகினாள். கடை முழுக்கப் புகை கப்பென்று சூழ்ந்தது.

“பாழாப்போன புகை” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாந்த் பாஷா இருமிக்கொண்டே, இலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்.