நீலத் தாவணி கட்டிப் போன டூரு

தெரு முழுக்க கஞ்சி வாசம்…

அருப்புக்கோட்டையில நெசவாளர் தெரு. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் சேலைக்கான பாவு நூல இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ரெண்டு பக்கமும் ஆளு நின்னு நீவிக்கிட்டு இருந்தாக. கூட வந்த புள்ளைக எல்லாம் "ஆ"ன்னு பாத்துச்சுக. எனக்கு மட்டும் எதுவுமே கண்ணுல ஏறல.

தொண்ணூறுகளோட தொடக்கம். எனக்குப் பதினாறு வயசு. எட்டாவதோட படிப்ப நிறுத்தியாச்சு. எம்.ரெட்டியபட்டியில பருத்தி எடுக்கப் போவேன், வீட்டு வேல பாப்பேன். யாராச்சும் வீட்டுக்கு வந்தா கதவுக்குப் பின்னால போயிருவேன். அப்படிப்பட்டவள அப்பா எப்படியோ மனசு வச்சு டவுன்ல தையல் கிளாஸ்ல சேத்துவிட்டாரு. மெஷின்ல கால வச்சா மட்டுந்தான் எனக்குக் கூச்சமெல்லாம் போகும்.

அந்தக் கிளாஸ்ல இருந்துதான் ஒரு நாள் டூரு. நெசவு, மண்பானை, திருச்சுழி கோயில்… "நம்ம ஊரு கலைகள நீங்க பாக்காம யாரு பாக்குறது"ன்னு டீச்சர் வேன் பிடிச்சாக. எல்லாரும் ஒரே மாதிரி வரணும்னு ஒரே துணிக்கட்டுல வெட்டுன நீலத் தாவணி. ஓரம் அடிச்சது நாங்களேதான்.

கெளம்பும்போது அம்மா தன்னோட சங்கிலியக் கழட்டி என் கழுத்துல போட்டாக. பானை பாக்கப் போறதுக்கு எதுக்குச் சங்கிலி? கேக்கல. நான் எதையும் கேக்குற ஆளில்ல.

வேன்ல ஏறுனதும் ராஜிதான் காதுல சொன்னா. ராஜேஸ்வரி, எங்க தெருக்காரி. பெரிய வாயாடி, பெரியவுக பேசுறதையெல்லாம் ஒட்டுக் கேட்டு வச்சிருப்பா.

"ஏடி தனம், ஒன்னைய பாக்க கமுதிப் பக்கமிருந்து திருச்சுழி கோயிலுக்கு ஆளு வாராக. ஒங்க அத்த ஏற்பாடு. ஒனக்குத் தெரியாம பாத்துட்டுப் போயிருவாகளாம்."

அப்பல்லாம் அதான் வழக்கம். பொண்ண கோயில்ல வச்சுத் தள்ளி நின்னு பாப்பாக. புடிச்சிருந்தா வீட்டுக்கு ஆள் விடுவாக. பொண்ணுக்குப் புடிச்சிருக்கான்னு கேக்குற பழக்கம் எங்க பக்கம் கெடையாது. கல்யாணம்னா கிளாஸ் போச்சு… மெஷின் போச்சு…

பானை செய்யிற எடத்துல எனக்கும் சக்கரத்துல கை வைக்கக் குடுத்தாக. நெனப்பெல்லாம் திருச்சுழியில இருந்ததுல மண்ணு அப்படியே சரிஞ்சு உக்காந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாளுக. ராஜி மட்டும் சிரிக்கல.

"அவுக ஒன் மொகத்த முன்ன பின்ன பாத்திருக்காகளா?"

"இல்ல."

"ஒங்க அத்தையும் வரமாட்டாக. வந்தா நீ கண்டுபுடிச்சிருவேல்ல. நீலத் தாவணி கட்டியிருப்பான்னு மட்டுந்தான் அடையாளம் சொல்லி விட்டிருக்காகளாம்."

சொல்லிட்டு அவளே திரும்பிப் பாத்தா. எங்க பாத்தாலும் நீலம்.

கிளாஸுக்கே ஒரே துணின்னு எங்க வீட்ல தெரியாது. நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தாத்தானே!

"சங்கிலிய உள்ள விடு. தலையக் குனிஞ்சுக்கிட்டு நடுவுல நட"ன்னா.

திருச்சுழி கோயில். வெளிய அத்தன வெயிலு, மண்டபத்துக்குள்ள போனதும் கால் ஜில்லுன்னுச்சு. தூணோரம் ரெண்டு பொம்பளைக, பக்கத்துல மாப்பிள்ளையாட்டம் ஒரு ஆளு வாட்ச்சத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு. எங்க கூட்டத்தப் பாத்து அதுல மூத்த அம்மா முழிச்ச முழி இருக்கே… கொஞ்ச நேரம் பாத்துட்டுப் பக்கத்துல வந்துட்டாக.

"ஏத்தா, இதுல ரெட்டியபட்டி தனலெட்சுமி யாரு?"

 கிளாஸ்ல கூடத் தைக்கிற சரோஜாவோட கண்ணு என் பக்கம் திரும்புச்சு. நான் முன்னால நின்னவ முதுகுக்குப் பின்னால நகந்துட்டேன்.

"நாந்தான் பெரியம்மா. நீங்க யாரு?"

ராஜி!

"நாங்க… சும்மா சாமி கும்பிட வந்தோம்."

"சாமி உள்ளல்ல இருக்கு? நீங்க எங்களயில்ல பாத்துக்கிட்டு நிக்கீக!"

"நல்ல வாயிதான். சமைக்கத் தெரியுமாத்தா?"

"சுடுதண்ணி நல்லா வைப்பேன்."

அந்த ஆளு சிரிச்சுட்டான். அந்த நேரம் பாத்து அந்தப் பக்கமிருந்து டீச்சர் சத்தம்.

"ராஜேஸ்வரி! எங்க இருக்க?"

போச்சுன்னு நெனச்சேன். ராஜி அசையல. எனக்குப் பின்னால இருந்து சரோஜா, "இந்தா வாரேன் டீச்சர்"னு ஓடுனா. யாரும் அவளுக்குச் சொல்லித் தரல. மத்தவளுக மூச்சுக்கூட விடல.

திரும்பி வரும்போது வேன்ல ஒரே சிரிப்பு. "இந்த வாய்க்கு எவனும் கட்ட மாட்டான், நீ நிம்மதியா தையி"ன்னா ராஜி.

மூணு நாளு கழிச்சு அத்த வந்தாக.

"அண்ணே, பொண்ண அவுகளுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. என்ன கலகலப்பு, என்ன பேச்சுன்னு ஒரே பெருமையாச் சொல்றாக. அடுத்த முகூர்த்தத்துலயே வச்சுக்கிருவோம்ங்கிறாக."

எனக்கு உசிரே போயிருச்சு. சாப்பிட்டுக்கிட்டு இருந்த அப்பாவுக்குக் கை அப்படியே நின்னுச்சு.

"யாரு… நம்ம தனமா? கலகலன்னா?"

கதவுப் பக்கம் திரும்பி என்னையப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"ஏத்தா, ஒனக்கு இது வேணாமா?"

 வேணாம்னு தலைய மட்டும் ஆட்டுனேன். கண்ணுல தண்ணி.

அப்பா கையக் கழுவிட்டு வந்து அத்தகிட்ட சொன்னாரு. "அவுக பாத்தது நம்ம புள்ள இல்ல. இவ கிளாஸ முடிக்கட்டும். பெறகு பாப்போம்."

கிளாஸ் முடிஞ்சுச்சு. பெறகு கல்யாணமும் நடந்துச்சு, மெஷினோடதான் போனேன். ராஜியத் திருப்பூர் பக்கம் கட்டிக் குடுத்துட்டாக. அதுக்கப்புறம் தகவலே இல்ல…

போன வாரம் எம் மகளுக்கு ஒரு வரன் வந்துச்சு. போன்ல போட்டோவக் காட்டுனேன். ஒரு பார்வ பாத்தா. "வேணாம்மா"ன்னா. சொல்லிட்டு, தோசைக்கு இன்னுங்கொஞ்சம் சட்னி கேட்டா.

அந்த ஒரு வார்த்தையச் சொல்ல எனக்கு ஒரு வேன் நெறைய புள்ளைக தேவப்பட்டாளுக.

அவளுக்கு யாருமே தேவப்படல. சந்தோசமாத்தான் இருந்துச்சு…

ஆனா சட்னி ஊத்தும்போது, ராஜி நெனப்பு வந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன்.