ஏணி இல்லாத சரக்குப் பெட்டி

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒரு தகரப் பெட்டி இருந்தது. குழந்தைகள் விளையாடும் ரயிலைவிடப் பெரியது, பால்காரர் கேனைவிடச் சின்னது. ஒரு பக்கத்துக்கு மட்டும் தகரத்துக்குப் பதிலாகக் கண்ணாடி. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அது வந்துவிடும். மச்சான் அதை இறக்கி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நிறுத்தி, கைப்பிடி கைப்பிடியாகச் சாமையை உள்ளே போடுவார். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியை ஆள்காட்டி விரலால் லேசாகத் தட்டுவார். அடிக்கதவு இரண்டாகப் பிளந்து, சாமை சரசரவென்று கீழே வைத்திருக்கும் தட்டில் விழும். கடைசி மணி விழுந்ததும் கதவு தானாக எழும்பி ‘டக்’ என்று சாத்திக்கொள்ளும். மோட்டார் இல்லை, கரண்டு இல்லை. “சரக்கே கதவத் தொறக்கோணும். காலியாச்சுன்னா காலியே சாத்தோணும்” என்பார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, சிந்திய சாமையைக் காலால் ஒதுக்கியபடி காபி வருகிறதா என்று பார்ப்பார்கள்.

எங்கள் கொல்லிமலைக்கு ரயில் வந்ததில்லை, வரப்போவதும் இல்லை. வளைவுகளில் பஸ்ஸே மூச்சு வாங்கித்தான் ஏறுகிறது. அப்படிப்பட்ட மலையில், ஆலத்தூர் நாட்டில் (எங்கள் பக்கம் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு), சாமையும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர் ரயில் பெட்டிக்கு அடிப்பாகம் வரைந்து சம்பாதித்தார் என்றால் நம்பக் கஷ்டம்தான். குண்டனி நாட்டுக்காரனான நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதிச் சம்பாதிக்கிறேன் என்பதையும் யாரும் நம்புவதில்லை. பாஸ்புக்கைப் பார்த்திருப்பதால் என் மனைவியும் நம்புவதில்லை.

மச்சான் என் அக்காவைக் கட்டியவர். சமவெளியில் சரக்கு ரயில் பெட்டிகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு கூட்ஸ் ஷெட்டில் நிலக்கரி இறக்குவதைப் பார்த்திருக்கிறார். ஆட்கள் பெட்டிக்குள்ளேயே நின்று மண்வெட்டியால் வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தார்களாம். ஒருவர் இருமினால் எல்லோரும் இருமினார்களாம். இனி ஒருத்தனும் பெட்டிக்குள் இறங்கக் கூடாது என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியிருக்கிறது. மற்றவர்களுக்கு இப்படித் தோன்றினால் ஒரு டீ குடித்ததும் சரியாகிவிடும். அவருக்குச் சரியாகவில்லை. வருஷக்கணக்கில் வரைந்தார். பெட்டியின் அடிப்பாகம் புனல்போல இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். ரயில் ஒரு குழியின் மேல் மெல்ல ஊர்ந்து போகும்போது, தண்டவாள ஓரத்தில் நட்டிருக்கும் ஓர் இரும்புக் கை பெட்டியின் கொக்கியைத் தட்டிவிடும். சரக்கின் பாரமே கதவைத் தள்ளித் திறக்கும். எல்லாம் கொட்டியதும் மறுபக்கம் கட்டியிருக்கும் எடை கதவை இழுத்துச் சாத்தும். ரயில் நிற்கக்கூட வேண்டாம்.

இதற்குத்தான் அந்தத் தகர மாதிரி. அதைக் கரி போட்டுத்தான் சோதித்திருக்க வேண்டும். ஆனால் டிசைன் பிரிவின் தலைவர், புதிதாகப் போட்ட தரையில் கரியைக் கொட்ட விடமாட்டேன் என்றுவிட்டார். வேறு யாராவது என்றால் மணலோ ஜல்லியோ தேடியிருப்பார்கள். மச்சான் மலைக்காரர். கொட்டிப் பார்க்க ஏதாவது வேண்டும் என்றதும் அவர் கைக்கு வந்தது, அக்கா சமையலறை டப்பாவில் வைத்திருந்த சாமை. எங்கள் ஆட்களுக்கு ஓடுகிற பொருள் என்றால் அதுதான். மூட்டையிலிருந்து முறத்துக்கு, முறத்திலிருந்து பானைக்கு, எங்கே சாய்த்தாலும் ஓடும். அடிச்சரிவு எவ்வளவுக்குப் படுத்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பெட்டியில் சரக்கு கூடுதலாகப் பிடிக்கும். சாமை நன்றாகப் படுத்த சரிவிலும் ஓடியது. தலைவர் கைதட்டினார். பெரிய பெட்டி செய்து கோடையில் கரி ஏற்றிப் பார்த்தார்கள். காய்ந்த கரியும் ஓடியது. மாலை போட்டார்கள். அந்த மாலையோடு அவர் எடுத்துக்கொண்ட படத்தில், கழுத்தில் யாரோ ஈரத்துணி போட்டுவிட்டதுபோல நெளிந்துகொண்டு நிற்கிறார்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஓர் அனல் மின் நிலையத்தில் அவருடைய பெட்டிகள் குழியின் மேல் வந்து நின்றன. கொக்கி தட்டியது, கதவு திறந்தது, கரி விழவில்லை. நனைந்த தூள் கரி ஒன்றோடொன்று ஒட்டி, திறந்த கதவுக்கு மேலே பாலம் கட்டியதுபோல நின்றுவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், என் வயதுகூட இருந்திருக்காது, பக்கவாட்டு இரும்பு ஏணியில் ஏறி மேலே போனார். கரியின் மேல் நின்று கடப்பாரையால் குத்தினார். குத்தியதும் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கியது. அவரும் அதோடு போனார்.

விசாரணை நடந்தது. அனுமதியில்லாமல் பெட்டியில் ஏறியது தொழிலாளியின் தவறு, வடிவமைப்பில் குறையில்லை என்று முடித்தார்கள். மச்சான் அந்த வாரம் அக்காவோடு மலைக்கு வந்திருந்தார். நான் போனபோது வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். “எம்மேல தப்பு இல்லைன்னு எழுதிட்டாங்க மாப்ள” என்றார். “நல்லதுதானுங்களே மச்சான்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, படிக்காதவனைப் பார்ப்பதுபோல இருந்தது. நான் நிறையப் படித்தவன். அன்றைக்கு அதில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

அதற்கப்புறம் செங்குத்தான சரிவு ஒன்றை வரைந்தார். ஈரக் கரியும் நிற்க முடியாத சரிவு. ஆனால் சரிவு நிமிர நிமிரப் பெட்டியில் சரக்குக் குறையும். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் வந்தது: கொள்ளளவு குறைகிறது. பணி ஓய்வு பெறும்வரை அனுப்பினார், அவர்களும் சலிக்காமல் திருப்பினார்கள். ஓய்வு பெற்றதும் மலைக்கே வந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, பலகையால் ஆளுயரப் பெட்டி ஒன்று செய்து நிறுத்தினார். சரிவை ஏற்றி இறக்க ஆணிகள். மழை பிடித்துவிட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். நனைந்த செம்மண், ஈரக் கரித்தூள், சேகோ ஃபேக்டரியிலிருந்து வாங்கிவந்த கிழங்குச் சக்கையான திப்பி என்று ஒட்டுகிற சமாச்சாரம் எதையும் விடவில்லை. நான் குடை பிடிப்பேன். எனக்குத் தெரிந்த எஞ்சினியரிங் அதுதான்.

அந்த வழியாகப் போகிறவர்கள் சும்மா போவார்களா?

“ஏனுங்க, ரயிலு எப்பங்க வருது? சீட்டுப் போட்டு வைக்கோணும்.”

“ரயிலு வராதுங்க. பொட்டி மட்டும்தான் வரும்” என்பேன் நான்.

“அப்ப தள்ளிக்கிட்டே போயிரலாமுங்க. கீழ எறக்கம்தானே!”

மச்சானும் சேர்ந்து சிரிப்பார். அக்கா மட்டும் அடுப்படியிலிருந்து, “ரயிலு வந்தா மொதல்ல இவரத்தான் ஏத்தி அனுப்பப் போறேன்” என்பாள்.

ஒருநாள் ஈரமண் கதவுக்கு மேலே நின்றுவிட்டது. பக்கத்தில் கிடந்த குச்சியை எடுத்தேன். எடுத்தேன் என்பதைவிடக் குச்சி என் கையில் இருந்தது என்பதுதான் சரி. “குச்சியக் கீழ போடு!” என்று மச்சான் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. மண் தானாக விழும்வரை இருவரும் மழையில் நின்றோம். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “அந்தாளு என்ன தப்புப் பண்ணுனான் மாப்ள? கை இருக்கறவன் எவனும் குத்துவான். பொட்டியப் பத்தி எல்லாம் நெனச்சேன். இந்தக் கையப் பத்தி நெனைக்கல.”

பழைய தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. அவரிடம் உதவியாளராக இருந்தவர் இப்போது பெரிய பொறுப்பில் இருந்தார். புதிதாக நிறையப் பெட்டிகள் செய்யப்போகிறோம், வந்து ஒருமுறை காட்டுங்கள், அதிகாரிகளைக் கூட்டுகிறேன் என்றார். மச்சான் கையகலத்துக்கு இரண்டு மாதிரிகள் செய்தார், ஒன்று பழைய சரிவு, ஒன்று புதியது. ஒரு வாளி நிறைய ஈரக் கரித்தூளோடு பஸ் ஏறினோம். கண்டக்டர் வாளியை எட்டிப் பார்த்து, “இதென்னுங்க சாமி, பல்லு வெளக்கவா?” என்றார்.

அங்கே குளுகுளு அறையில் கார்ப்பெட் விரித்திருந்தார்கள். காய்ந்த பொருள் எதையாவது போட்டுக் காட்டினால் போதுமே என்றார்கள். மச்சான் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போர்ட்டிகோவுக்கு நடந்தார். வேறு வழியில்லாமல் எல்லோரும் பின்னால் வந்தார்கள். வெளியே நல்ல மழை. புதிய மாதிரியில் கரி விழுந்தது. பழையதில் கதவு திறந்தும் கரி அசையாமல் நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். டை கட்டிய இளம் அதிகாரி ஒருவர், யாரும் எதுவும் சொல்லாமலே, கையிலிருந்த குடையின் முனையை உள்ளே கொண்டுபோனார். மச்சான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இதத்தானுங்க சார் அவனும் செஞ்சான்” என்றார்.

அந்த இளைஞர் குடையை வெளியே எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன், அதுவும் சந்தோஷமாகவே இருந்தது.

முடிவு வந்தது. பழைய சரிவுக்கும் புதிய சரிவுக்கும் நடுவே ஒரு சரிவு. பாதுகாப்பும் கூடும், கொள்ளளவும் பெரிதாகக் குறையாது என்று விளக்கம். மச்சான் அந்தப் பாதிச் சரிவைப் பலகைப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். ஈரமண் ஒரு நேரம் விழுந்தது, ஒரு நேரம் நின்றது. “பாதி ஒத்துக்கிட்டாங்களாம்” என்றார். “பாதி ஆளா மாப்ள சாவான்?”

அதற்கப்புறம் அவர் கடைசியாக ஒன்று வரைந்தார். சரிவில் கை வைக்கவில்லை. பக்கவாட்டில் இருந்த இரும்பு ஏணியை மட்டும் எடுத்துவிட்டார். ஏற வழியில்லை என்றால் எவனும் ஏறமாட்டான் என்று கணக்கு. இந்த ஒரு வரைபடத்தை அவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். இரும்பு மிச்சம், எடையும் குறைவு, ஆகவே கூடுதல் சரக்கு ஏற்றலாம் என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். மச்சான் சிரித்தார். எத்தனையோ கட்டுரைகளில் நான் முயன்றும் அவரை அப்படிச் சிரிக்கவைக்க முடிந்ததில்லை. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காரணம் என்னவா வேணா இருக்கட்டும். ஏணி இல்லையில்ல?” என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் வளைவுகளில் இறங்கி மலையடிவாரக் காரவள்ளியைத் தொட்டபோது மச்சான் இல்லை, அக்கா அழுது முடித்திருந்தாள்.

போன மாதம் ஓர் அனல் மின் நிலையக் குடியிருப்பில் நகைச்சுவை விழா. பேசினேன், சிரித்தார்கள், சால்வை போர்த்தினார்கள். விழா நடத்தியவர் அங்கேயே வேலை செய்கிறவர். கரி இறக்குகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இதுவரை எந்தப் பேச்சாளரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது, விழித்துவிட்டுக் கூட்டிப்போனார். தூறல் பலமாகிக்கொண்டிருந்தது. புதிய பெட்டிகள் குழியின் மேல் வரிசையாக நின்றன. பக்கவாட்டில் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது, ஏணி இல்லை. அப்படியே நடந்து அடுத்த பெட்டிக்குப் போனேன். அதன்மேல் ஒரு மூங்கில் ஏணி சாத்தியிருந்தது. படிகளின் நடுவே கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளத்தது.

என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் ஏணியைத் தோளில் தூக்கியிருந்தேன்.

“ஏனுங்க, ஏணிய எங்கீங்க தூக்கிட்டுப் போறீங்க?” கடப்பாரையோடு ஓர் ஆள் எதிரே நின்றார்.

“இதுல ஏறக் கூடாதுங்க.”

“ஏறாம எப்படீங்க? கரி நிக்குதில்ல?”

“தானா விழுமுங்க.”

“எப்பங்க?”

தோளிலிருந்த ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் சங்கடமாகச் சிரித்துவிட்டு, “சால்வையெல்லாம் கரியாவுது, தள்ளி நில்லுங்க சாமி” என்று ஏணியை என் தோளிலிருந்து பதமாக இறக்கி மறுபடி சாத்தினார். சேற்றில் ஏணியின் அடி வழுக்கியது. அவர் ஏறத் தொடங்கிவிட்டார். நான் போய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

“உள்ள எறங்காதீங்க! ஏணியில நின்னே குத்துங்க!” என்று கத்தினேன்.

“சரீங்க” என்று மேலேயிருந்து குரல் வந்தது. பிறகு கடப்பாரைச் சத்தம். ஒவ்வொரு குத்துக்கும் மூங்கில் என் உள்ளங்கையில் அதிர்ந்தது. அதிர்கிற வரைக்கும் அவர் ஏணியில்தான் நிற்கிறார். மழையில் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த அதிர்வுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.