நான் ஓட்டாத காருக்கு என் பேர்ல மூணு கேஸ், ஏறின பிரீமியம், மாவ்பிலேர்ந்து வந்த ஒரு மனுஷன்

செவ்வாய்க்கிழமை இன்சூரன்ஸ் கவுண்டர்ல என்னைப் பார்த்து "ஹை ரிஸ்க் டிரைவர்"ன்னுட்டாங்க!

என்னையா!!

தெரியாதவங்களுக்கு: நான் பர்மாவுல, தாமுவேல ஸ்கூல் ஃபெரி ஓட்டறேன். காலைல வீடு வீடா பிள்ளைங்கள ஏத்திட்டுப் போய் ஸ்கூல்ல இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடற வேன். என் ஸ்பீடுக்கு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கூட மணி அடிச்சிட்டு முந்திப் போவார். (போகும்போது ஒரு சிரிப்பு வேற!)

வேன் இன்சூரன்ஸ் புதுப்பிக்க கியாக்டடா ஆபீஸுக்குப் போயிருந்தேன். கவுண்டர்ல மா சூன்னு ஒரு பொண்ணு. கம்ப்யூட்டரப் பார்த்தா, என்னைப் பார்த்தா, மறுபடியும் கம்ப்யூட்டரப் பார்த்தா.

"அக்கா, இந்த வருஷம் பிரீமியம் ஒன்றரை மடங்கு வருதே." (எல்லாம் பர்மீஸ்ல பேசினது, நான் தமிழ்ல போடறேன்.)

"ஏம்மா? நான் ஒரு கிளெய்ம்கூட போடலியே!"

"கிளெய்ம் இல்லக்கா, டிராஃபிக் கேஸ். உங்க பேர்ல மூணு இருக்கு. ரெண்டு சிவப்பு சிக்னல், ஒண்ணு ஓவர் ஸ்பீடு. நீங்க வந்து பதில் சொல்லாததால குற்றம்தான்னு தீர்ப்பாயிடுச்சு."



அவளே பொறுமையா விளக்கினா. அபராதம் கட்டினாலும் தீர்ப்பு நம்ம பேர்ல நிக்குமாம். சிக்னல் தாண்டறவங்க நாளைக்கு எங்கயாவது மோதுவாங்கன்னு அவங்க கம்பெனி கணக்குப் போட்டு பிரீமியத்த ஏத்திடுமாம்.

"எந்த வண்டிம்மா அது? நம்பர் சொல்லு."

சொன்னா.

என் பழைய ப்ரோபாக்ஸ்! போன வருஷமே மாவ்பிங்கற ஊர்ல காய்கறி வியாபாரம் பண்ற கோ டேக்கு வித்த கார்! (பேரே டே தான், நான் மரியாதை இல்லாம கூப்பிடல!)

வித்த வாரம் அவரோட அம்மாவுக்கு உடம்பு முடியல. அப்புறம் நாங்க வீடு மாறினோம். ஓனர் பேர் மாத்தறது அப்படியே நின்னு போச்சு. கேமராவுல விழுந்த கேஸுக்கெல்லாம் நோட்டீஸ் என் பேருக்கு, அதுவும் பழைய வீட்டுக்குப் போயிருக்கு. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"ஓட்டினவர் டிராஃபிக் ஆபீஸ்ல வந்து ஒத்துக்கிட்டா உங்க பேர்லேர்ந்து எடுத்துடுவாங்க. ஆனா வெள்ளிக்கிழமையோட பழைய இன்சூரன்ஸ் முடியுதுக்கா"ன்னா மா சூ.

இன்சூரன்ஸ் இல்லாத ஃபெரிய ஸ்கூல் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. பணத்த எப்படியாவது புரட்டலாம். ஆனா பிள்ளைய என்னை நம்பி ஏத்திவிடற தாய்மாருக்கு "மூணு கேஸ் வாங்கினவ"ன்னு தெரிஞ்சா? 

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

எங்க வீட்டுக்காரர்: "அவர் ஃபோனே எடுக்கமாட்டார் பாரு. கார்ல அவர்தான் இருந்தார்னு உன்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு? யாராவது தானா வந்து கேஸ தலைல போட்டுக்குவாங்களா?"

நியாயமான கேள்வி. பயந்துகிட்டே ஃபோன் போட்டேன்.

எடுத்தார்! முழுசா கேட்டார்.  

"அமா, நாளைக்குக் காலைல வர்றேன்."

(அமான்னா பர்மீஸ்ல அக்கா. ஸ்பீக்கர்ல கேட்ட எங்க வீட்டுக்காரர், "உன்னை அம்மாங்கறாரா!"ன்னு வேணும்னே கிண்டல் பண்ணது தனிக்கதை.)

மறுநாள் ஃபெரி முடிச்சிட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் போறதுக்கு முன்னாடியே டிராஃபிக் ஆபீஸ் வாசல்ல அந்த ப்ரோபாக்ஸ் நிக்குது. பின்னாடி பூரா புளிச்சகீரையும் சுரைக்காயும். மார்க்கெட்டுக்குப் போகாம நேரா இங்க வந்திருக்கார்!

உள்ள ஆபீசர் தேதியெல்லாம் படிச்சார்.

"மூணு தடவையும் நீங்கதானா? வேற யாராவது ஓட்டியிருக்கலாமே?"

"தம்பியும் ஓட்டுவான் ஸார். ஆனா அந்த மூணு நாளும் மார்க்கெட்டுக்கு வந்தது நான்தான். சீக்கிரம் போனா நல்ல இடம் கிடைக்கும்னு அவசரப்பட்டேன்."

"இனிமே உங்க பேர்ல ஏறும், தெரியுமா?"

"தெரியும் ஸார். அந்த அமா பேர்ல இருக்கக்கூடாது. அவங்க பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறவங்க."

 எங்க வீட்டுக்காரர் சுவத்துல இருந்த காலண்டர ரொம்ப கவனமா பார்த்துட்டிருந்தார்.

கேஸ் மாறிச்சு. கையோட ஓனர் பேரையும் மாத்திட்டோம். மத்தியானமே மா சூகிட்ட போனோம், என் பிரீமியம் பழைய இடத்துக்கு இறங்கிடுச்சு. அவரோடது? ஏறிடுச்சு.

"கூடுதலா வர்றதுல பாதி நான் தரேன்"னேன். நமக்காக ஒருத்தர் சிரமப்படறப்ப உள்ளுக்குள்ள ஒரு கூச்சம் வருமே, இங்க ஆனாடேம்பாங்க, அது என்னைப் பிடுங்குது.

"பெடல மிதிச்சது என் கால் அமா. உங்களுக்கு எதுக்கு பில்லு?"ன்னு சிரிக்கறார்!

அதுக்குள்ள கீரையெல்லாம் வாட ஆரம்பிச்சிடுச்சு. எங்க வீட்டுக்காரர் நேரா கோ டே கார்ல ஏறி உக்காந்து, "எங்க தெருவுக்கு விடுங்க"ன்னார்.

தாமுவேல எங்க சந்து முனைல பின்கதவத் திறந்து வெச்சு, எங்க வீட்டுக்காரர் கைலிய மடிச்சுக் கட்டி, "மாவ்பி கீரை! மாவ்பி கீரை!"ன்னு கூவ ஆரம்பிச்சிட்டார். தமிழ்ல ஒரு தடவை, பர்மீஸ்ல ஒரு தடவை! (கல்யாணமான நாள்லேர்ந்து இவ்வளவு சத்தம் நான் கேட்டதில்ல.) மாடியிலேர்ந்தெல்லாம் கயிறு கட்டிக் கூடை இறங்குது! நான் ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்குள்ள சுரைக்காய் ஒண்ணுகூட பாக்கியில்ல.

கோ டே கிளம்பறப்ப எங்க வீட்டுக்காரர் அவர் கையப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன். மன்னிச்சுக்கங்க"ன்னார்.

"நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்"ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தார்.

முனை சிக்னல்ல மஞ்சள் விழுந்ததும் பொறுப்பா நின்னார். பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சுத் தீர்த்துட்டார். நான் நடுத்தெருவுல நின்னு கைதட்டினேன்!

ஜேசூ திம்பாடே கோ டே. ரொம்ப ரொம்ப நன்றி. மா சூவுக்கும்!

சரி, கார் வித்தவங்க, வாங்கினவங்க எல்லாரும் சொல்லுங்க: ஓனர் பேர் மாத்தியாச்சா? (எல்லாருக்கும் ஒரு கோ டே கிடைக்கமாட்டார்!)