மூன்றரை அடி பூவராகவன்

“முடிச்சை மூக்கு மேல வெச்சுக்கோ நைனா. இழுக்காத. தொங்கவும் உடாத.”

ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் வலைக் கயிற்றின் முடிச்சை மூக்கு நுனியில் பிடித்துக்கொள்கிறார். மறுமுனையைக் கேமராவின் அடியில் வைத்துக்கொண்டு பூவராகவன் பின்னால் நகர்கிறார். கயிறு விறைத்ததும் நின்று, “இப்ப கயித்தை உட்டுடு. ஆடாத” என்கிறார். ஒரு சின்னச் சத்தம். கம்பெனி நுழைவுப் பாஸுக்கான படம் முடிந்தது. அடுத்த ஆள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேருகிறவர்களில் பாதிப் பேராவது இந்தக் கயிற்றைப் பிடித்தவர்கள்தான். மூன்றரை அடிக்குக் குறைந்து நெருங்கினால் முகம் கலங்கிவிடும் என்பது அவர் கேமராவின் குணம். அதனால் ஆறடி உயர மனிதருக்கு ‘மூணரை அடி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், குறும்புக்காரப் பயல்கள்.

கேமரா, பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் சரக்கு. சட்டைப் பையில் அடங்கும். லென்ஸ் அதன் உடம்போடு ஒட்டியது. கழற்றவும் முடியாது, நீட்டவும் முடியாது. தூரத்தை நாம்தான் அளந்து வைக்கவேண்டும். அதற்காகப் பழவேற்காட்டு வலைக்காரர்களிடம் நூல் கயிறு வாங்கி, மூன்றரை, ஏழு, பன்னிரண்டு அடிகளுக்கு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆலைத் திறப்பு விழாவுக்குப் பட்டணத்திலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் முழ நீள ஜூம் லென்ஸோடு வந்தார். நின்ற இடத்தை விட்டு அசையாமல், மேடையில் இருந்த அம்மாளின் மூக்குத்தி வரைக்கும் இழுத்துக் காட்டினார். நம்மவருக்குப் பிடிக்கவே இல்லை. “தும்பிக்கைய நீட்டிக்கினு அவ்ளோ தூரத்துல நின்னா அது இன்னா படம் சார்? கிட்டப் போவணும். அவன் வேர்வை நமக்கு நாறணும்” என்று என்னிடம் பொரிந்தார். கல்யாணங்களில் புரோகிதருக்கும் ஓமத்துக்கும் நடுவே இவர் தலை நீளும். திட்டு விழும். காதில் வாங்கமாட்டார்.

சாவு வீட்டில் முடிச்சைப் பிடிக்க ஆள் ஏது? நாற்காலியில் சாத்தி வைத்த பிணத்தின் மூக்கில் தானே முடிச்சைத் தொட்டு அளந்துகொள்வார். ஆரம்பாக்கத்தில் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவரோ அங்கேயே நின்று டீ குடித்தார்.

போன மாதம் என் பாஸைப் புதுப்பிக்க அவர் கடைக்குப் போயிருந்தேன். பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மா என்று பெயர், பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பம். அவள் புருஷன் சடையப்பன் எங்கள் கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. லீவு நாளில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனவனின் படகு கவிழ்ந்துவிட்டது. நாலாம் நாள் கரை ஒதுங்கியபோது அடையாளம் சொல்ல அரைஞாண் மட்டும்தான் மிச்சம். அந்த வார வெள்ளிக்கிழமை கருமாதி. மாலை போட ஒரு படம் வேண்டும்.

ஒப்பந்தக் கூலிக்குப் பாஸ் கிடையாது. பாஸ் இல்லாததால் படமும் கிடையாது. கல்யாணத்திலும் எடுக்கவில்லையாம். அவன் விழுந்திருந்த ஒரே படம், போன ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனி வாசலில் பூவராகவன் எடுத்த கூட்டுப் படம். அறுபது பேர் அடங்குவதற்காக இருபது தப்படி பின்னால் போய் எடுத்தது. கடைசி வரிசையில், ஓரத்தில், கடுகளவு தலையோடு நின்றிருந்தான் சடையப்பன்.

அந்தக் கடுகை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தார் பூவராகவன். வெறும் புள்ளிகள். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கரிக்கறை, வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று. கன்னியம்மா அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள்.

“திருவள்ளூர்ல துளசிராமன்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் கீறாரும்மா. கண்ணு, மூக்கு வரைஞ்சி குடுப்பாரு” என்றார் இவர், தரையைப் பார்த்தபடி.

எனக்குத் தெரியும் அந்தத் துளசிராமனை. அவர் கைபட்ட செத்தவர்கள் எல்லோரும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள்.

“வேற எவனோ கண்ணை வெச்சிக்கினு நான் யாருக்குண்ணா மாலை போடறது? இதுவே இருக்கட்டும்” என்றாள்.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் மனிதரால் முடியவில்லை.

“அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எல்லாரும் கலைஞ்சப்புறம் அவன் எங்கிட்ட வந்தான். புதுச் சட்டை போட்டுக்கினு இருந்தான். ‘அண்ணா, ஒண்டியா ஒண்ணு எடேன், ஊட்ல காட்டணும்’னு கேட்டான். ஃபிலிம்ல ஒரு படம் பாக்கி இருந்திச்சி. மேனேஜர் புதுக் காரு வாங்கியாந்து பூஜை போட்டு நிறுத்தி வெச்சிருந்தாரு. அதுக்கு வேணும்னு, ‘அப்பால பாக்கலாம் போடா’ன்னு தொரத்திட்டேன்.”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கூட்டுப் படத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். அவன் கேட்டதை என் காதாலேயே கேட்டவன். பாவி, நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் புள்ளிப் படத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

“காரு படம் நல்லா வந்திச்சாண்ணா?”

அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. வாசல் கதவை ஒட்டி, கடையிலேயே பெரிய சட்டத்தில், சந்தனப் பொட்டும் மாலையுமாக, துடைத்துவைத்த கார். உள்ளே வரும்போது அவள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. வெளியே போகிறபோது கண்ணில் படாமல் இருக்காது.

அவள் எழுந்தாள். பூவராகவன் அவளை முந்திக்கொண்டு வாசலுக்குப் போய், அந்தப் படத்தின் மேல் முதுகை ஒட்டி, கைகளை இரண்டு பக்கமும் விரித்து நின்றுகொண்டார். அவள் தெருவைக் கடந்து ரயிலடிக்குள் போகிற வரைக்கும் அப்படியே நின்றார்.